கஞ்சித் தொட்டியும் குறிப்பேடும்

சேலத்துக்கு வருகிற பிரயாணிகள் ஏற்காட்டுக்குப் போவார்கள். மேட்டூர் அணையைப் பார்ப்பார்கள். திரும்பும்போது ஒரு கூடை மாம்பழம் வாங்கிக்கொண்டு போவார்கள். அம்மாபேட்டையை எட்டிப் பார்ப்பவர் எவரும் இல்லை. அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டால் எனக்கும் சட்டென்று பதில் சொல்லத் தெரியாது. மாரியம்மன் கோயில் இருக்கிறது. தறிச் சத்தம், முன்னைப் போல் இல்லாவிட்டாலும், இன்னும் இருக்கிறது.

1998-ஆம் ஆண்டில், ஒரு நாவல் எழுதும் உத்தேசத்தோடு நான் அந்தத் தெருக்களில் ஆறு மாத காலம் சுற்றினேன். நாவல் எழுதப்படவில்லை. அதனால் தமிழுக்குப் பெரிய நஷ்டம் ஏற்பட்டுவிட்டது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நாவலுக்காக எடுத்த குறிப்புகளில் பாதி தொலைந்து போயிற்றே, அது நஷ்டந்தான். அது எப்படித் தொலைந்தது என்று சொல்லப் புகுந்தால், குறிப்பு எழுதி வைக்கும் வித்தையின் சரித்திரத்தையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மாபேட்டையில் ஒரு பெரியவர் இருந்தார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஆனால் குழித்தறியில் இறங்கி உட்கார்ந்து நாடாவைக் கையில் எடுத்துவிட்டால் இருபது வயது குறைந்துவிடும். அவர் தறியின் தலைமேல் ஜக்கார்டு பெட்டி ஒன்று இருந்தது. அதிலிருந்து, நூலால் கோத்த அட்டைகள் மாலை போலத் தொங்கின. அட்டை நிறையத் துளைகள். மிதியை அழுத்தினால் ஓர் அட்டை நகர்ந்து வந்து நிற்கும். துளை உள்ள இடத்தில் கொக்கி எழும்பும். துளை இல்லாத இடத்தில் எழும்பாது. எழும்பிய கொக்கியோடு பாவு இழையும் எழும்பும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை.

"கரையில வர்ற அன்னம் என் மனசுல இல்லீங்க. இந்த அட்டையிலதான் இருக்குதுங்க" என்றார் பெரியவர்.

இதைக் கேட்டபோது எனக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. பிரெஞ்சு தேசத்து லியோன் நகரில் ஜக்கார்டு என்பவர் இந்தப் பெட்டியை அமைத்தது 1804-ல். முப்பது வருஷம் கழித்து, இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணக்கு யந்திரத்துக்கு இந்தத் துளை அட்டைகளையே கடன் வாங்கினார். 1890-ல் அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கைத் துளை அட்டைகளைக் கொண்டு ஹாலரித் என்பவரின் யந்திரங்கள் எண்ணி முடித்தன. கம்ப்யூட்டர் அந்த வம்சத்தில் வந்தது. ஆகவே அதற்கு அம்மாபேட்டை ஒன்றுவிட்ட உறவு முறை என்று நான் சொன்னால் யாரும் மறுக்க முடியாது.

நிற்க. நான் பெரியவரிடம் முக்கியமாகக் கேட்க நினைத்தது அட்டையைப் பற்றி அல்ல. கஞ்சித் தொட்டியைப் பற்றி.

1950-களின் தொடக்கத்தில் கைத்தறித் துணி விற்காமல் தேங்கிப் போயிற்று. மில் துணியோடு அதனால் போட்டி போட முடியவில்லை. தமிழ்நாட்டின் நெசவாளர் பகுதிகளில் தறிகள் நின்றன; கஞ்சித் தொட்டிகள் திறக்கப்பட்டன. அப்போது சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாக இருந்தவர் ராஜாஜி. சேலத்தில் வக்கீல் தொழில் நடத்தி, இந்த ஊர் நகரசபைக்குத் தலைவராகவும் இருந்தவர். வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று அவர் டில்லியை வற்புறுத்தினார். எதிர்க்கட்சியாக வளர்ந்துகொண்டிருந்த அண்ணாதுரையும் அவருடைய தோழர்களும் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத் தெருவாக விற்றார்கள். 1952-ல் அகில இந்தியக் கைத்தறி போர்டு ஏற்பட்டது. 1953-ல் மில் துணிமீது கூடுதல் வரி போட்டு, அந்தப் பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் செலவிடச் சட்டம் வந்தது. இவையெல்லாம் புத்தகங்களில் இருக்கின்றன. ஆனால் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு வரிசையில் நின்றவன் என்ன நினைத்தான் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. பெரியவர் அந்த வரிசையில் நின்றவர்.

மூன்று சாயங்காலங்கள் அவர் பேசினார். பாவுக்குக் கஞ்சி போட்டே வளர்ந்த கைகள் வயிற்றுக்குக் கஞ்சி வாங்க நீண்டதைப் பற்றி அவர் ஒரு வாக்கியம் சொன்னார். சாரந்தான் எனக்கு நினைவிருக்கிறது, வாக்கியம் நினைவில்லை. கதை எழுதுகிறவனுக்கு வாக்கியம் போய்விட்டால் எல்லாம் போன மாதிரிதான்.

அதையெல்லாம் சின்ன நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதினேன். பிறகு புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில், குறிப்புகளுக்கென்றே விற்ற ஒரு செயலியில், அக்காலத்துத் தமிழ் எழுத்துருவில் அடித்து வைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எல்லாம் பத்திரமாகிவிட்டது என்ற மமதையில், நோட்டுப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டேன்.

பல வருஷங்கள் கழித்து அந்தக் கோப்பைத் திறந்தால், ஆங்கில எழுத்துகளும் கொம்பும் குறியும் கலந்த கூளமாக இருந்தது. என் அக்காள் மகனைக் கூப்பிட்டேன். அவன் கம்ப்யூட்டர் படித்தவன்.

"மாமா, உங்க எழுத்து எங்கயும் போகலீங்க. சாவிதான் தொலைஞ்சு போச்சு" என்றான்.

அவன் சொன்னது உண்மை. அந்நாளில் தமிழ் எழுத்துக்குக் கம்ப்யூட்டரில் சொந்த வீடு கிடையாது. மேல்நாட்டு எழுத்துகளுக்கு ஒதுக்கிய எண்களில் தமிழ் எழுத்தின் படத்தை ஒட்டி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு எழுத்துருக்காரரும் ஒவ்வொரு விதமாக ஒட்டினார். அந்த எழுத்துரு இல்லாத யந்திரத்தில் படம் உதிர்ந்துவிடும். அடியிலுள்ள அந்நிய எழுத்து பல்லைக் காட்டும். யூனிகோடு என்னும் உலகப் பொது எழுத்து முறையில் 1991-லேயே தமிழுக்கு இடம் கிடைத்தது என்றாலும் அது வீட்டுக்கு வீடு வந்து சேர வெகு காலம் பிடித்தது. 1999-ல் சென்னையில் ஒரு மகாநாடு கூட்டி டாப், டாம் என்று இரண்டு தராதரங்களை வகுத்தார்கள். 2010-ல்தான் தமிழக அரசு யூனிகோடைத் தன் அலுவல்களுக்கு ஏற்றுக்கொண்டது.

எழுத்துருக் கோளாறை அக்காள் மகன் ஒரு மாற்று அட்டவணை போட்டுச் சரி செய்தான். ஆனால் செயலி விஷயம் அப்படியல்ல. அது எல்லாக் குறிப்புகளையும் தனக்கு மட்டுமே புரிந்த ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தது. அதைச் செய்தவர்கள் கடையைக் கட்டிவிட்டுப் போய்ப் பல வருஷமாகிவிட்டது. மூட்டையைப் பிய்த்து எடுத்ததில் பாதிதான் மிஞ்சிற்று. கஞ்சித் தொட்டி மிஞ்சவில்லை. பெரியவர் 2004-லேயே காலமாகிவிட்டார்.

இது தமிழுக்குப் புதிய அனுபவமா என்றால், இல்லை. ஓலையில் எழுத்தாணியால் எழுதியவர்கள் மெய்யெழுத்தின் மேல் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரையில் அதனால் பாதகமில்லை. நாலு தலைமுறை போனால் படிக்கிறவன் திண்டாட வேண்டும். ஓலையும் நிரந்தரமல்ல, செல் அரித்துவிடும். அது அழிவதற்குள் யாராவது புது ஓலையில் பிரதி எடுக்க வேண்டும். சங்க நூல்கள் நம் கைக்கு வந்திருப்பது ஓலையின் உறுதியினால் அல்ல. பெயர் தெரியாத எத்தனையோ பேர் மறுபடி மறுபடி பிரதி செய்ததனால்தான்.

இங்கே எங்கள் ஊர்ப் பெருமை ஒன்றைச் சொல்லிக்கொள்ள வேண்டும். 1880-ல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், அங்கே கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்து வந்த உ. வே. சாமிநாதையரைப் பார்த்து, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயரின் வாழ்க்கையைத் திருப்பிவிட்ட கேள்வி அது. சிந்தாமணி 1887-ல் அச்சாயிற்று. இதற்கிடையில் ஐயர் பட்ட பாட்டைச் சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் மேற்கோள் காட்டுவார். எந்த நூல் என்று பல இடங்களில் சொல்ல மாட்டார். அதைக் கண்டுபிடிக்க ஐயர் கிடைத்த நூல்களையெல்லாம் படித்து, எந்தச் சொல் எங்கே வருகிறது என்று அகராதி எழுதி வைத்துக்கொண்டார். ஓர் ஏட்டிலிருந்து இன்னோர் ஏட்டுக்குப் பாலம் போடும் வேலை.

அந்தப் பாலத்தை யந்திரம் போட்டால் என்ன என்று மேல்நாட்டார் யோசித்தது வெகு பின்னால். 1945-ல் வன்னவர் புஷ் என்ற அமெரிக்கர், ஒருவர் தாம் படித்ததையும் எழுதியதையும் மேஜைக்குள் வைத்து, ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்கும் 'மெமெக்ஸ்' என்ற கற்பனை யந்திரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 1995-ல் வார்டு கன்னிங்ஹாம் என்பவர், பக்கத்திலிருந்து பக்கத்துக்குச் சுலபமாக இணைப்புக் கொடுக்கும் முறையை ஏற்படுத்தி, ஹோனலூலு விமான நிலையத்தில் ஓடும் பஸ்ஸின் பேரைத் தழுவி அதற்கு 'விக்கி' என்று பெயரிட்டார். அந்த விக்கியை ஒரு மனிதனின் சொந்த மேஜைக்கு இறக்கிக் கொடுத்த செயலிகளில் ஒன்று 'ஜிம்'. விலை கிடையாது. அக்காள் மகன் எனக்கு அதைத்தான் போட்டுக் கொடுத்தான்.

சூடுபட்ட பூனையாகையால் நான் முதலில் கேட்ட கேள்வி, "இதைச் செய்தவர் கடையைக் கட்டினால் என் எழுத்து என்ன ஆகும்?" என்பதுதான்.

அவன் வாயால் பதில் சொல்லவில்லை. செயலியை மூடிவிட்டு அதன் பெட்டியைத் திறந்து காட்டினான். ஒவ்வொரு பக்கமும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. பக்கத்துக்குள் பக்கம் என்றால் பெட்டிக்குள் பெட்டி. எந்தக் கம்ப்யூட்டரிலும், எந்தச் சாமானியச் செயலியிலும் திறந்து படிக்கலாம். செயலி செத்தாலும் குறிப்பு சாகாது. இந்த ஒரு குணத்துக்காக அதன் மற்றக் குற்றங்களை நான் மன்னித்துவிட்டேன்.

குற்றங்கள் இல்லாமல் இல்லை. 'பாவு' என்று ஒரு பக்கம் எழுதி, 'கஞ்சி' என்ற சொல்லுக்கு இணைப்புக் கொடுத்தால், கஞ்சிப் பக்கத்தில் நின்றுகொண்டு தன்னை யார் யார் சுட்டுகிறார்கள் என்று பார்க்கலாம். ஐயர் கையால் செய்ததைக் கண் இமைக்கும் நேரத்தில் செய்கிறது. ஆனால் இணைப்பதில் ஒரு போதை இருக்கிறது. ஒரு வாரம் முழுவதும் தறி, அச்சு, பண்ணை, தார் என்று பக்கங்களைப் பிணைத்துக்கொண்டே இருந்தேன். புதிதாக ஒரு வரி எழுதவில்லை. அன்னத்தின் கரையைக் கையால் போட்டுக் காட்ட இதில் வழியில்லை. வேறெங்கோ வரைந்து படமாக ஒட்ட வேண்டும். பூட்டு என்று ஒன்று இதற்குச் சொந்தமாகக் கிடையாது. யந்திரத்தைத் திறக்கிறவன் என் குறிப்பைப் படிக்கலாம். கைப்பேசிக்கு இது வரவில்லை. அம்மாபேட்டைத் தெருவில் நின்று எழுத முடியாது. பழையபடி பென்சிலும் நோட்டுந்தான். வீட்டுக்கு வந்து அடிக்க வேண்டும்.

தேடும் விஷயத்தில் ஒரு வேடிக்கை. இது இந்தச் செயலியின் குற்றமல்ல. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் தேடும் எதிலும் உள்ளதுதான். 'நூல்' என்று தேடினால் 'நூலை', 'நூலுக்கு' என்று எழுதியவையெல்லாம் ஒளிந்துகொள்ளும். வேற்றுமை உருபு ஏறினால் மெய் உயிர்மெய்யாகிவிடுகிறதல்லவா? ஆங்கிலக்காரனுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. கடைசியில் நான் கண்டுபிடித்த உபாயம், புள்ளியை விட்டுவிட்டு 'நூல' என்று அடிப்பது. அப்படி அடித்தால் எல்லாம் வந்து நிற்கின்றன. 'மரம்' வேண்டுமென்றால் 'மர' என்பதோடு நிறுத்திக்கொள்வேன், 'மரத்தில்' அகப்பட்டுவிடும். ஓலைக்காரர்கள் புள்ளி வைக்காததற்காக அவர்களை எத்தனையோ தடவை நொந்துகொண்டவன் நான். இப்போது தினந்தோறும் புள்ளி இல்லாமல் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

பிரதி எடுக்கும் பாடத்தையும் மறக்கவில்லை. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761-ல் கண்ணை மூடும் வரையில் நாட்குறிப்பு எழுதினார். 1846-ல் அது கண்டெடுக்கப்பட்டபோது பிரெஞ்சுக்காரர்கள் நகல் எழுதி வைத்தார்கள். அந்த நகல்கள்தாம் பிற்பாடு கைகொடுத்தன. நானும் ஞாயிற்றுக்கிழமை தோறும் குறிப்புப் பெட்டியை இரண்டு இடங்களில் நகலெடுத்து வைக்கிறேன். எழுத்துக் கோப்பாகையால் இரண்டு நிமிஷந்தான்.

சென்ற மாதம் மறுபடியும் அம்மாபேட்டைக்குப் போனேன். பெரியவரின் வீட்டில் தறிக்குழியை மூடிச் சிமிட்டி பூசிவிட்டார்கள். மகள் இருந்தார்.

"அப்பா அதையெல்லாம் எங்ககிட்ட ரொம்பச் சொல்லமாட்டாருங்க அண்ணா. வெளியாளு உங்ககிட்டத்தான் சொல்லியிருக்காரு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. சற்று நேரம் கழித்து அவராகவே ஒன்று சொன்னார். கஞ்சி வாங்கிய தூக்குப்போசியைப் பிள்ளைகள் பெரிய தெரு வழியாகக் கொண்டு வரக்கூடாது என்று பாட்டி சொல்லிவிட்டாளாம். பின்பக்கத்துச் சந்து வழியாகத்தான் வர வேண்டுமாம். சந்தில் எதிரே வந்தவர்கள் எல்லோர் கையிலும் தூக்குப்போசி இருந்ததாம்.

நோட்டில் எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து 'கஞ்சித் தொட்டி' என்று ஒரு பக்கம் திறந்து அதில் அடித்தேன். இதுவரையில் பதினொரு வரிகள் ஆகியிருக்கின்றன. நோட்டுப் புத்தகத்தை எடைக்குப் போடவில்லை.