இந்தியச் சிறார் நீதிமுறை

குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் 18 வயது நிறையாதவர்களைப் பெரியவர்களுக்கான நீதிமன்றத்துக்கும் சிறைக்கும் அனுப்பாமல் தனியே விசாரித்து, திருத்தி, குடும்பத்தோடும் ஊரோடும் மீண்டும் சேர்த்துவைக்கும் ஏற்பாடே சிறார் நீதிமுறை. இந்தியாவில் இது இப்போது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி நடைபெறுகிறது. யாரைச் சிறார் என்று கொள்வது, அவர்களை எங்கே வைப்பது என்ற இரண்டு கேள்விகளைச் சுற்றியே இதன் வரலாறு நகர்ந்து வந்திருக்கிறது.

தொடக்கம்

1850ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் 10 முதல் 18 வயதுக்குட்பட்ட ஆதரவற்ற சிறாரையும் சிறு குற்றம் புரிந்த சிறாரையும் ஒரு கைத்தொழில் கற்க அனுப்ப வழிசெய்தது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 7 வயதுக்குட்பட்ட குழந்தை செய்யும் எதுவும் குற்றமாகாது என்றது. 7 முதல் 12 வயதுக்குள் இருப்பவருக்குத் தன் செயலின் தன்மையும் விளைவும் புரியும் அளவுக்கு அறிவு முதிராதிருந்தால் அதுவும் குற்றமல்ல என்றது. அதற்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் இவ்விரு விதிகளை அப்படியே வைத்திருக்கிறது.

1876இல் வந்து 1897இல் புதுப்பிக்கப்பட்ட சீர்திருத்தப் பள்ளிகள் சட்டம், தண்டனை பெற்ற சிறுவர்களைச் சிறைக்குப் பதிலாகப் பள்ளிக்கு அனுப்பியது. சென்னை மாகாணத்தில் அத்தகைய பள்ளி செங்கல்பட்டில் இயங்கியது.

சென்னையின் முன்னோடிச் சட்டம்

1919–20இல் அலெக்சாண்டர் கார்ட்யூ தலைமையில் அமைந்த இந்தியச் சிறைகள் குழு, சிறாரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது, அவர்களுக்குத் தனி நீதிமன்றம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1920இல் வந்த சென்னைக் குழந்தைகள் சட்டமே இந்தியாவில் இத்துறையின் முதல் மாகாணச் சட்டம். வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் பின்தொடர்ந்தன. 21 வயதுக்குட்பட்ட வளரிளம் குற்றவாளிகளுக்காக 1925ஆம் ஆண்டின் சென்னை பார்ஸ்டல் பள்ளிகள் சட்டம் வந்தது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள ஒரு சிற்றூரின் பெயரே பார்ஸ்டல். புதுக்கோட்டையில் அப்பெயரில் பள்ளி இன்றும் உண்டு.

ஒரே நாடு, பல வயதுகள்

விடுதலைக்குப் பின், ஒன்றியப் பகுதிகளுக்காக 1960இல் குழந்தைகள் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி ஆண்களுக்கு 16, பெண்களுக்கு 18 வயதுவரை குழந்தைப் பருவம். மாநிலங்களோ வெவ்வேறு வயதை வைத்திருந்தன; சில மாநிலங்களில் சட்டமே இல்லை. சிறைகளில் அடைபட்டிருந்த குழந்தைகளுக்காகப் பத்திரிகையாளர் ஷீலா பார்சே தொடுத்த வழக்கில், நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1986இல் வலியுறுத்தியது. அவ்வாண்டே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது.

ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. அதற்கு இசைய வந்த 2000ஆம் ஆண்டுச் சட்டம், இருபாலருக்கும் 18 வயது என்று வகுத்தது.

எந்த நாளின் வயது?

வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீள்வதால், எந்த நாளின் வயதைக் கொண்டு ஒருவரைச் சிறார் என்பது என்ற கேள்வி எழுந்தது. குற்றம் நடந்த நாளின் வயதே கணக்கு என்று 2005இல் பிரதாப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. தான் சிறாராக இருந்ததாக எந்தக் கட்டத்திலும், இறுதித் தீர்ப்புக்குப் பின்னரும்கூட முறையிடலாம் என்று 2006ஆம் ஆண்டுத் திருத்தம் சொன்னது. 1994இல் புனேயில் நடந்த கொலைகளுக்காக மரண தண்டனை பெற்ற ஒருவருக்குக் குற்றம் நடந்தபோது வயது 12 தான் என்று பள்ளிச் சான்றைக் கொண்டு உறுதிசெய்து, உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் அவரை விடுவித்தது. அதற்குள் 28 ஆண்டுகள் சிறையில் கழிந்துவிட்டன. வயதைத் தொடக்கத்திலேயே விசாரிக்காத பிழைக்கு ஒரு வாழ்க்கை விலையானது.

2012க்குப் பின்

2012 டிசம்பர் 16 அன்று டெல்லியில் நடந்த கூட்டு வன்கொடுமைக் கொலையில் பிடிபட்ட ஆறு பேரில் ஒருவருக்கு 17 வயது. அவருக்குச் சட்டப்படி அதிகபட்சமாக மூன்றாண்டுகள் சீர்திருத்தத்துக்கான சிறப்பு இல்லத்தில் வைக்க ஆணையிடப்பட்டபோது நாடெங்கும் கொதிப்பு எழுந்தது. ஆனால் இக்குற்றத்தையடுத்து அரசு அமைத்த நீதிபதி ஜே.எஸ். வர்மா குழு, எழுந்த கோரிக்கைப்படி சிறார் வயது வரம்பைக் குறைக்கப் பரிந்துரைக்கவில்லை. உச்ச நீதிமன்றமும் 2013இல் மறுத்தது. 2015 டிசம்பரில் அந்த இளைஞர் வெளிவந்த இரண்டே நாளில் மாநிலங்களவை புதிய சட்டத்தை நிறைவேற்றியது. 2016 ஜனவரி 15 முதல் அது நடப்புக்கு வந்தது.

இச்சட்டம் 18 வயது வரம்பை விட்டுவிடவில்லை. ஆனால் குறைந்தது ஏழாண்டுத் தண்டனைக்குரிய கொடுங்குற்றத்தில் 16 முதல் 18 வயதுக்குட்பட்டவர் சிக்கினால், அவருடைய மன, உடல் திறனையும், விளைவை உணரும் ஆற்றலையும், சூழலையும் முதலில் மதிப்பிட்டு, தேவையெனில் பெரியவரைப் போல விசாரிக்கலாம். அப்போதும் மரண தண்டனையோ, விடுதலைக்கே வாய்ப்பில்லாத ஆயுள் தண்டனையோ கூடாது.

இன்றைய நடைமுறை

பிடிபட்ட சிறாரை லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். நடுவர் ஒருவரும் சமூகப் பணியாளர் இருவரும் அதில் இருப்பர். அவ்விருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். பிணை தருவதே பொது விதி. பிணை கிடைக்காதவர் கூர்நோக்கு இல்லத்தில் தங்குவார். நன்னடத்தை அலுவலர் அவருடைய வீட்டுச் சூழலை அறிந்து அறிக்கை தருவார். விசாரணை முடிவில் அறிவுரை கூறி அனுப்புவது, சமூக சேவை, பெற்றோர் பொறுப்பில் விடுவது முதல் சிறப்பு இல்லம் வரை குழுமம் ஆணையிடலாம். சிறாரின் பெயரையோ படத்தையோ வெளியிடுவது குற்றம்.

சட்டம் எழுதிய இவற்றையெல்லாம் சுவர்களுக்குள் நடப்பதே மெய்யாக்கவோ பொய்யாக்கவோ செய்கிறது. 2022 டிசம்பர் இறுதியில், செங்கல்பட்டுக் கூர்நோக்கு இல்லத்தில் வைக்கப்பட்ட 17 வயதுச் சிறுவன் சில நாளிலேயே இறந்தான். இல்லப் பணியாளர்கள் கைதாயினர். தமிழக அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு, இல்லங்களைச் சீர்செய்யும் பரிந்துரைகளை 2023இல் அளித்தது. செங்கல்பட்டு, சிறைக்கு மாற்றாகச் சீர்திருத்தப் பள்ளி எழுந்த அதே ஊர். சிறார் யார் என்பதற்குச் சட்டம் விடை கண்டுவிட்டது. அவர்களை எப்படிப்பட்ட இடத்தில் வைக்கிறோம் என்பதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாம்.