சகமோட்டோ ரியோமா கொலை வழக்கு

ஜப்பானில் தொக்குகாவா ஷோகுன் ஆட்சி முடியும் தறுவாயில், 1867 டிசம்பர் 10 இரவு கியோட்டோ நகரில் நடந்த அரசியல் படுகொலை. தோசா பகுதியைச் சேர்ந்த சாமுராய் சகமோட்டோ ரியோமாவும் அவருடைய தோழர் நகாவோக்கா ஷிந்தாரோவும் இதில் பலியாயினர்.

பின்னணி: பகைமை பாராட்டிய சத்சுமா, சோஷு பகுதிகள் 1866இல் கூட்டணி சேர வழிசெய்தவர் ரியோமா. 1867 நவம்பரில் ஷோகுன் யோஷிநொபு ஆட்சியதிகாரத்தைப் பேரரசரிடம் திருப்பி அளித்தார். அதற்கு அடுத்த மாதமே கொலை நிகழ்ந்தது.

நிகழ்வு: ரியோமா ஓமியா என்ற சோயா சாறு வணிகரின் வீட்டு மாடியில் தங்கியிருந்தார். பார்க்க வந்தவர்கள்போல் நடித்துப் பெயர்ச்சீட்டைக் கொடுத்தவர்கள், அதை மேலே கொண்டுசென்ற பணியாளரை, முன்னாள் சுமோ மல்லரை, முதலில் வெட்டினர். வாளை உருவ அவகாசமின்றி உறையாலேயே வெட்டைத் தடுத்த ரியோமா, தலைக்காயத்தால் இறந்தார். நகாவோக்கா இரண்டு நாள் உயிரோடிருந்து நடந்ததைச் சொன்னார். அறையில் தொங்கிய ஓவியச் சுருளில் இரத்தத் துளிகள் தெறித்தன.

விசாரணை: ஷோகுன் தரப்பின் ஷின்சென்குமி படைமீதே முதலில் சந்தேகம் விழுந்தது. ஆனால் 1870இல், மிமாவரிகுமி காவற்படையைச் சேர்ந்த இமாய் நொபுவோ, சசாகி தடசபுரோ தலைமையில் தம் குழு அங்கு சென்றதை ஒப்புக்கொண்டார். தாம் கீழே காவல் நின்றதாகக் கூறினார். பின்னாளில் தாமே வெட்டியதாக அவர் பெயரில் ஒரு விவரிப்பு வெளிவந்தது.

மதிப்பீடு: கொலையாளிகள் மிமாவரிகுமியினர் என்பதே வரலாற்றாசிரியர்களிடையே பெரும்பான்மைக் கருத்து. சத்சுமா தூண்டியது என்னும் வாதத்துக்கு உறுதியான சான்று கிடையாது.