கூறியது கூறல் குற்றமோ?

நூலுக்குரிய குற்றங்களுள் கூறியது கூறலும் ஒன்று என்பது நம் இலக்கண ஆசிரியர் துணிபு. கணினிக்கென வகுத்த 'சி' மொழியையும் சிலர் இக்குற்றம் உடையதெனப் பழிப்பர். ஒரு செயலைப் பன்முறை செய்விக்கும் மீள்செயற் கட்டளையை முன்வைத்தே அவ்வாறு கூறுவர். அப்பழி பொருந்துமோ என வரலாற்று வழியே நோக்குவாம்.

1951ஆம் ஆண்டளவில் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிலே ஹைன்ஸ் ருட்டிஸ்ஹவுசர் என்னும் அறிஞர், தாம் வகுத்த மொழியில் இக்கட்டளைக்கு 'ஃபூர்' என்னும் ஜேர்மன் சொல்லை ஆண்டார். பின்வந்த அல்கோல் மொழியில் அதற்கு நிகரான 'ஃபோர்' என்னும் ஆங்கிலச் சொல் இடம்பெற்றது. 1957இல் ஐ.பீ.எம். நிறுவனத்தார் வெளியிட்ட ஃபோர்ட்ரான் 'டூ' என்னும் சொல்லை மேற்கொண்டது. சொல் வேறாயினும் முறை ஒன்றே. எண்ணும் மாறியின் பெயரை ஒருமுறை கூறித் தொடக்கமும் எல்லையும் தந்தாற் போதும்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1972 அளவில் டெனிஸ் றிச்சி உருவாக்கிய 'சி' மொழியோ வேறு வழிச் சென்றது. மாறியைக் 'க' எனக் கொண்டால் அதன் வடிவம் இது:

ஃபோர் (க = 0; க < 10; க++)

தொடக்கம், நிபந்தனை, முன்னேற்றம் என மூன்று உறுப்புகள். ஒரே பெயர் மும்முறை! அல்கோல் சொற்களால் எழுதிய 'தொடங்கு', 'முடி' என்பவற்றுக்கு ஈடாக வளைந்த அடைப்புக்குறி இரண்டை வைத்த சிக்கன மொழி இது. ஒன்றைக் கூட்டும் '++' என்னும் குறியும் இதன் தாய்மொழியாகிய 'பீ'யிலே கென் தொம்சன் கண்ட சுருக்கமே. இத்தகைய மொழி இங்கு மட்டும் சொல்லை வாரி இறைப்பானேன்?

அம்மூன்று உறுப்புகளும் எண்ணுவதற்கு மட்டும் உரியன அல்ல. எந்தத் தொடக்கத்தையும் எந்த நிபந்தனையையும் அங்கே வைக்கலாம். ஒன்று மற்றொன்றைச் சுட்டிநிற்கும் தரவுத் தொடரிலே இறுதிவரை நடந்து செல்லவும் இதே கட்டளை உதவும். எண்ணிச் செல்லும் பழைய 'டூ'வுக்கு அது இயலாது. ஆகவே மிகையான சொற்கள் உரிமைக்குக் கொடுத்த விலையாகும்.

உரிமையோடு பொறுப்பும் வரும். முதலாண்டிலே நாமும் '<' குறியுடன் சமக்குறியைச் சேர்த்தெழுதி, 10 புள்ளிகள் கொண்ட அணியில் இல்லாத 11ஆவதைக் கூட்டினோம். மொழி தடுக்கவில்லை, சராசரி மட்டும் பிழைத்தது. ஓர் இரவு முழுவதும் தேடியே அதனைக் கண்டோம்.

இவ்விடரை உணர்ந்தே 2004இல் ஜாவாவும் 2011இல் சி++ மொழியும், எல்லை கூறாமலே தொகுதி முழுவதையும் சுற்றிவரும் சுருங்கிய வடிவத்தைச் சேர்த்துக்கொண்டன. எனினும் பழைய மூவுறுப்பு வடிவத்தை அவை கைவிடவில்லை.

எனவே, கூறியது கூறலெல்லாம் குற்றமன்று. பயனின்றிக் கூறலே குற்றம். நிரல் எழுதப் புகும் இளைஞர், எழுத்தை எண்ணுமுன் எல்லையை எண்ணுவாராக.