கர்சர் நிக்கறது எங்க? - ஒரு குட்டி வரலாறு

ஒரு லிஸ்ட்ல 5 பொருள் இருக்கு. அதுல கர்சர் நிக்கக்கூடிய இடம் எத்தனை? சட்டுனு 5-ன்னுதான் வாய்ல வரும். ஆனா விடை 6. அந்த ஆறாவது இடத்தை எப்படி விளக்கறதுங்கறதுலதான் சி++காரங்களும் ஜாவாகாரங்களும் பிரியறாங்க.

1970-களில் எம்.ஐ.டி.யில் பார்பரா லிஸ்கோவ் குழு உருவாக்கிய க்ளூ மொழியிலயே இட்டரேட்டர் உண்டு. ஆனா அங்க கர்சர்னு எதுவும் கண்ணுல படாது. பொருள் ஒண்ணொண்ணா கைக்கு வரும், அவ்வளவுதான்.

கர்சரை நம்ம கையிலயே கொடுத்தது எஸ்டிஎல். அலெக்சாண்டர் ஸ்டெபனோவும் மெங் லீயும் ஹெச்பி ஆய்வகத்தில் எழுதியது. 1994-ல் சி++ தர வரைவில் சேர்ந்தது. இங்க இட்டரேட்டர், சி மொழி பாயிண்டரோட வாரிசு. பொருள் மேலதான் நிக்கும். அப்ப ஆறாவது இடம்? கடைசிப் பொருளைத் தாண்டி இருக்கற 'எண்ட்'. அங்க பொருளே கிடையாது. எட்டிப் பார்த்தா என்ன ஆகும்னு யாரும் உத்தரவாதம் தர மாட்டாங்க :-)

1998-ல் வந்த ஜாவா 1.2 வேற ரூட் எடுத்தது. அதோட லிஸ்ட்இட்டரேட்டர் பொருள் மேல நிக்காது, நடுவுல நிக்கும். கையை விரிச்சுப் பாருங்க: 5 விரல், 4 சந்து, ரெண்டு ஓரம். ஆக 6 இடம். 'நெக்ஸ்ட்' ஒரு விரலைத் தாண்டி, தாண்டின விரலையே தரும். அதனாலதான் நெக்ஸ்ட் போட்ட கையோட 'ப்ரீவியஸ்' போட்டா அதே பொருள் திரும்ப வருது. பக் இல்லீங்க, டிசைனே அப்படித்தான்.

2005-ல் வந்த க்யூட் 4, ரெண்டு பாணியையும் ஒரே பெட்டியில வச்சுக் கொடுத்தது.

எனக்கு சுவாரசியமா பட்டது சி++-இன் ரிவர்ஸ் இட்டரேட்டர். அதுக்குள்ள ஒரு சாதா இட்டரேட்டர் ஒளிஞ்சிருக்கு. அது நிக்கற இடத்துக்கு முந்தின பொருளைத்தான் ரிவர்ஸ் தரும். 'ஆர்பிகின்'னுக்கு உள்ள இருக்கறது சாட்சாத் அந்த 'எண்ட்'டேதான்! பின்னோக்கி நடக்கணும்னு வந்ததும் சி++-உம் சந்துக் கணக்குக்கு வந்துடுது, பார்த்தீங்களா? இது தெரியாம உள்ள இருக்கறதை 'பேஸ்' மூலமா எடுத்து அப்படியே 'இரேஸ்' கிட்ட கொடுத்தா, நீங்க நினைச்ச பொருள் தப்பிச்சுடும்; பக்கத்துல இருக்கறது காலி. கம்பைலர் வாயே திறக்காது.

அதனால புதுசா ஒரு கன்டெய்னரைத் தொடறப்ப முதல்ல கேட்க வேண்டியது இதுதான்: கர்சர் விரல் மேலயா, சந்துலயா?