முடிந்தும் முடியாத சண்டை: ஆஸ்திரேலிய விமானிகள், 1989

விமானத்தின் காக்பிட்டில் கேப்டனும் துணை விமானியும் அருகருகே உட்கார்ந்திருப்பார்கள். கை நீட்டினால் தொட்டுவிடலாம். அந்த இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே பிடிக்காதவர்களாக இருந்தால் எப்படி இருக்கும்? ஆஸ்திரேலியாவில் 1989-ல் நடந்த ஒரு சம்பளத் தகராறு அப்படியொரு கசப்பைத்தான் விட்டுச் சென்றது. தகராறு ஏழெட்டு மாதத்தில் முடிந்துவிட்டது. ஆனால் கசப்பு அந்தத் தலைமுறை ஓய்வு பெறும்வரை போகவில்லை.

சரி, அப்படி என்னதான் நடந்தது?

உள்நாட்டு விமானிகளின் சங்கம் 29.47 சதவீதச் சம்பள உயர்வு கேட்டது. பல வருடங்களாகத் தங்கள் சம்பளம் விலைவாசிக்கு ஈடாக ஏறவில்லை என்பது அவர்கள் வாதம். அப்போது பிரதமர் பாப் ஹாக். 1969 முதல் 1980 வரை ஆஸ்திரேலியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக இருந்தவர்! பிரதமரானதும் 1983-ல் அதே கூட்டமைப்போடு சேர்ந்து, நாடு முழுவதற்கும் சம்பள உயர்வைக் கட்டுக்குள் வைக்கும் ஓர் ஒப்பந்தத்தை நடைமுறைக்குக் கொண்டு வந்தவரும் அவர்தான். விமானிகளுக்கு இவ்வளவு கொடுத்தால் மற்றவர்களும் கேட்பார்கள், ஒப்பந்தமே உடைந்து போகும் என்பது அரசின் பயம். விமானிகள் சங்கம் அந்தக் கூட்டமைப்பில் உறுப்பினரும் இல்லை. அதனால் மற்ற தொழிற்சங்கங்களின் ஆதரவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 18-ம் தேதி முதல் விமானிகள் ஒரு புதுவிதப் போராட்டம் தொடங்கினார்கள். அலுவலக ஊழியர்களைப் போல காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே பறப்பது! ஆன்செட், ஆஸ்திரேலியன் ஏர்லைன்ஸ் போன்ற நிறுவனங்கள் இதற்கு அசைந்து கொடுக்கவில்லை. விமானிகள்மீது தனித்தனியாக நஷ்ட ஈட்டு வழக்கு போடக் கிளம்பின. அரசு தேசிய நெருக்கடி என்று அறிவித்து, விமானப்படை விமானங்களையும் வெளிநாட்டு விமானங்களையும் பயணிகளை ஏற்ற அனுமதித்தது.

வழக்கிலிருந்து தப்ப சங்கம் எடுத்த முடிவுதான் திருப்புமுனை. ஆகஸ்ட் 24-ம் தேதி 1,600-க்கும் அதிகமான விமானிகள் மொத்தமாக ராஜினாமா செய்தார்கள். எல்லோரும் வெளியே போனால் நிறுவனங்கள் பேச்சுவார்த்தைக்கு வந்தே தீரும் என்று கணக்குப் போட்டார்கள்.

கணக்கு தப்பாகப் போனது.

ராஜினாமா செய்தவர் சட்டப்படி இனி ஊழியர் இல்லை. ஆகவே நிறுவனங்கள் சங்கத்தோடு பேச வேண்டிய அவசியமும் இல்லை. புதிய தனிநபர் ஒப்பந்தங்களைத் தயாரித்து, விரும்புகிறவர்கள் கையெழுத்துப் போட்டு வேலையில் சேரலாம் என்றன. வெளிநாட்டிலிருந்தும் விமானிகளை அழைத்து வந்தன. அந்த நவம்பரில் விக்டோரியா மாநில உச்ச நீதிமன்றம், சங்கம் நிறுவனங்களுக்குச் சுமார் 65 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் நஷ்ட ஈடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

இங்கேதான் பிளவு ஆரம்பித்தது. அதுவரை எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு, இப்போது ஒவ்வொரு வீட்டுச் சமையலறை மேஜையிலும் தனித்தனியாக எடுக்க வேண்டிய முடிவாகிவிட்டது. வீட்டுக்கடன், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் ஒரு பக்கம். நண்பர்களுக்குக் கொடுத்த வாக்கு இன்னொரு பக்கம். சிலர் கையெழுத்துப் போட்டார்கள். சிலர் கடைசிவரை போடவில்லை.

விமானிகளின் தொழிலில் பணிமூப்பு எண்தான் எல்லாம். எந்த விமானம், எந்த ஊர், எப்போது கேப்டன் பதவி என்பதையெல்லாம் அதுதான் தீர்மானிக்கும். ராஜினாமாவோடு அந்த எண்ணும் போய்விட்டது. நிறுவனங்கள் முன்பைவிடக் குறைவான விமானிகளோடு ஓட்டப் பழகிக்கொண்டதால், கடைசிவரை நின்றவர்களுக்குத் திரும்பி வர இடமும் இல்லை. நூற்றுக்கணக்கானோர் குடும்பத்தோடு ஆசியா, ஐரோப்பா, வளைகுடா என்று வேலை தேடிப் போனார்கள். பலர் பறப்பதையே விட்டுவிட்டார்கள்.

திரும்பிப் போனவர்களுக்கு ஒரு பெயர் வந்தது. ஆங்கிலத்தில் 'ஸ்கேப்'. நம் ஊர் தொழிற்சங்க மேடைகளில் 'கருங்காலி' என்பார்களே, அதேதான். அவர்களுடைய பெயர்ப் பட்டியல்கள் கைமாறின. பல வருடங்கள் கழித்து வேறு நாட்டில், வேறு நிறுவனத்தில் சந்தித்தபோதும் முதலில் மனதில் எழுந்த கேள்வி, "89-ல் நீ எந்தப் பக்கம்?" என்பதுதான்.

இது வெறும் மனஸ்தாபம் இல்லை. கேப்டன் ஒரு தவறு செய்தால் துணை விமானி தயங்காமல் சொல்ல வேண்டும். சொன்னதை கேப்டன் கேட்க வேண்டும். விமானப் பாதுகாப்பே இந்தப் பேச்சை நம்பித்தான் இருக்கிறது. பகையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவது எல்லோராலும் முடிகிற காரியமா?

பிறகு வந்த வரலாறு இரு தரப்பையும் பார்த்துச் சிரித்தது. ஆஸ்திரேலியன் ஏர்லைன்ஸ் 1992-ல் குவான்டாஸுக்கு விற்கப்பட்டது. ஆன்செட் 2001 செப்டம்பரில் திவாலாகி நின்றுபோனது. சுமார் 16,000 பேர் வேலை இழந்தார்கள். எந்த வேலையைக் காப்பாற்ற நண்பர்களை இழந்தார்களோ, அந்த வேலையும் பலருக்குப் போனது. அப்போது அவர்களும் வெளிநாடுகளின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. அங்கே 89-ல் போனவர்கள் பலர் ஏற்கெனவே மூத்த கேப்டன்களாக இருந்தார்கள்.

யார் செய்தது சரி? கையெழுத்துப் போடாதவர் வாக்கைக் காப்பாற்றினார். போட்டவர் குடும்பத்தைக் காப்பாற்றினார். அரசும் நிறுவனங்களும் வென்றன. ஆனால் விமானிகளின் கோபம் அவர்களைவிட அதிகமாகப் பக்கத்து இருக்கைக்காரர் மீதே திரும்பியது. பிரதமரை அவர்கள் டிவியில்தான் பார்த்தார்கள். பக்கத்து இருக்கைக்காரரோ ஒரு காலத்தில் நண்பராக இருந்தவர்.