முதலை ஏன் உண்மையைச் சொல்லுச்சு? வீட்டுக் குட்டீஸ்கிட்ட கேட்டுப் பாருங்க!

உங்க தம்பியோ தங்கச்சியோ 'குரங்கும் முதலையும்' கதையை மூச்சுவிடாம படிச்சிடுவாங்களா? சூப்பர். குரங்கு எந்த மரத்துல இருந்துச்சுன்னு கேட்டா, 'நாவல் மரம்'னு டக்குனு பதிலும் வரும். ஆனா கதை புரிஞ்சுதான்னு அதை வெச்சுச் சொல்ல முடியாது.

இப்படிக் கேளுங்க: விருந்துக்கு வான்னு கரையில பொய் சொன்ன முதலை, நடு ஆத்துல மட்டும் ஏன் உண்மையைச் சொல்லுச்சு? இனி நண்பன் தப்பிக்க முடியாதுங்கிற தைரியம்தான். அதைப் பிடிச்சாதான், 'இதயத்தை மரத்துலயே வெச்சுட்டு வந்துட்டேனே' என்ற குரங்கின் பதில் எவ்வளவு சாமர்த்தியம்னு புரியும். கரைக்குத் திரும்ப, கொல்ல வந்த முதலையோட முதுகுதான் அதுக்கு ஒரே வழி.

பட்டுத்தறி ஊரான ஆரணியில இதுக்கு ஒரு சிக்கல் இருக்கு. அங்கே ஓடுற கமண்டல நாகநதி, மழை இல்லாத மாசங்கள்ல வெறும் மணலா கிடக்கும். 'குரங்கு இறங்கி நடந்து போயிருக்கலாமே'ன்னு ஒரு குழந்தை சொன்னா சிரிக்காதீங்க. அது தான் பார்த்த ஆத்தை வெச்சு யோசிக்குது. ஆத்துல வெள்ளம் வந்தப்போ எடுத்த வீடியோ போன்ல இருந்தா காட்டுங்க, போதும்.

பஞ்சதந்திரத்தின் நாலாவது பகுதிக் கதை இது. 1826-ல தாண்டவராய முதலியார் அந்த நூலை மராத்தியிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தார். புத்த ஜாதகக் கதையிலும் இதே குரங்கு, முதலை, இதயம் உண்டு. நட்பு மட்டும் கிடையாது. ரெண்டையும் சொல்லிட்டு, எந்த முதலை மேல கோபம் அதிகம்னு கேளுங்க. என்ன பதில் வந்தாலும், 'கதையில எந்த வரி உன்னை அப்படி நினைக்க வெச்சுது?'ன்னு அடுத்த கேள்வியைப் போடுங்க.