அமல் தேதி மேல்முறையீடு (அமெரிக்க முன்னாள் படைவீரர் இழப்பீடு)

அமெரிக்காவில் ராணுவப் பணியால் உடல்நலமோ மனநலமோ குன்றிய முன்னாள் படைவீரருக்கு, மாத இழப்பீட்டு உரிமை தொடங்குவதாகப் படைவீரர் நலத் துறை நிர்ணயிக்கும் நாளே அமல் தேதி. நிலுவைத் தொகை இதைப் பொறுத்தது. ஆகவே இழப்பீட்டு விகிதத்தை ஏற்றுக்கொண்டவர்களும் தேதியை மட்டும் எதிர்த்து மேல்முறையீடு செய்வதுண்டு.

பொது விதி

கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பின் 38-ஆம் தலைப்பு, 5110-ஆம் பிரிவு இதை வரையறுக்கிறது. விண்ணப்பம் துறைக்குக் கிடைத்த நாள், உரிமை உண்டான நாள் ஆகிய இரண்டில் பிந்தியதே பொதுவாக அமல் தேதி. பணியிலிருந்து விடுபட்ட ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால், விடுபட்டதற்கு மறுநாள் வரை அது பின்னோக்கிச் செல்லலாம். விண்ணப்பிக்கும் எண்ணத்தை முன்கூட்டியே பதிவு செய்து, ஓராண்டுக்குள் முழு விண்ணப்பம் அளித்தவருக்கு அப்பதிவு நாளே கணக்கில் கொள்ளப்படும். பணம் வழங்கல் அடுத்த மாத முதல் தேதியில் தொடங்கும்.

கடற்படையிலிருந்து 1981-இல் விடுபட்ட ஒருவர், மனநோயே தம்மை விண்ணப்பிக்க விடாமல் தடுத்தது என்று வாதிட்டார். அரெயானோ எதிர் மெக்டொனா என்னும் அவ்வழக்கில், பணியிலிருந்து விடுபட்ட பின் உள்ள ஓராண்டுக் கெடுவை நியாயம் கருதி நீட்டிக்க இயலாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

மேல்முறையீட்டு வழிகள்

2017-இல் இயற்றப்பட்ட மேல்முறையீட்டுச் சீர்திருத்தச் சட்டம் 2019 பிப்ரவரி 19 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி புதிய, தொடர்புடைய சான்றுடன் துணை விண்ணப்பம் அளிக்கலாம். பழைய சான்றுகளையே மூத்த அலுவலர் மறு ஆய்வு செய்யக் கோரலாம். அல்லது படைவீரர் மேல்முறையீட்டு வாரியத்தை அணுகலாம். வாரியத்தின் முடிவை எதிர்த்து 120 நாட்களுக்குள் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் செல்லலாம். ஒவ்வொரு முடிவுக்கும் பின் ஓராண்டுக்குள் துணை விண்ணப்பம் அளித்தாலும் முதல் விண்ணப்ப நாள் காக்கப்படும்.

முடிவு இறுதியான பின்

மேல்முறையீட்டுக் கெடு கடந்த பிறகு, முந்தைய தேதி கேட்டுத் தனியாக விண்ணப்பிக்க முடியாது என்று 2006-இல் ரட் எதிர் நிக்கல்சன் வழக்கில் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. பழைய முடிவில் தெளிவான, மறுக்கவியலாத பிழை இருந்ததென நிறுவுவதே அதன்பின் உள்ள முக்கிய வழி. அன்றிருந்த ஆவணங்களையும் சட்டத்தையும் கொண்டே பிழையைக் காட்ட வேண்டும். அது முடிவையே வெளிப்படையாக மாற்றியிருக்கும் பிழையாகவும் இருக்க வேண்டும். ஆனால் அன்றே இருந்தும் கோப்பில் சேராத ராணுவப் பணி ஆவணங்கள் பின்னர் கிடைத்தால், துறை பழைய விண்ணப்பத்தையே மறுபரிசீலனை செய்யும். அப்போது அமல் தேதி அவ்விண்ணப்ப நாள் வரை செல்லக்கூடும்.